குண்டு விழுந்த இடம் வரை

கடலூரில் குண்டு சாலை என்று ஒரு சாலை உண்டு. குண்டும் குழியுமாய்க் கிடப்பதால் வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். சில மழைக்காலங்களில் அந்த விளக்கமும் தப்பில்லை. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரும் இருக்கிறது. இந்தப் பெயர்களில் இருப்பது பீரங்கிக் குண்டு என்பதுதான் ஊரார் சொல்லும் விளக்கம். 1690இல் சுட்ட குண்டு. யாரையும் கொல்வதற்காகச் சுட்டதில்லை. நிலம் அளப்பதற்காகச் சுட்டது.

நான் எழுத வந்தது ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி. 'ஐ ஓன் திஸ் லேண்ட்' என்கிறோமே, அந்த ஓன். நிலத்தையும் வீட்டையும் கம்பெனியையும் காப்புரிமையையும் ஒரே மூச்சில் உடைமையாக்கிவிடுகிற சொல். வீடியோ கேம் விளையாடும் பிள்ளைகள் எதிராளியைத் தோற்கடித்தால்கூட 'உன்னை ஓன் பண்ணிட்டேன்' என்கிறார்கள். அந்தச் சொல்லின் பிறப்பைத் தோண்டினால் அதற்கு ஒரு கடன்கார அண்ணன் இருப்பது தெரிகிறது. அவனிடம் பிறகு வருகிறேன். முதலில் பீரங்கி.

சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை 1689இல் ஔரங்கசீப் கொன்றான். இளையவர் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பித் தெற்கே ஓடிவந்து செஞ்சிக் கோட்டையில் உட்கார்ந்தார். பின்னாலேயே சுல்பிகார் கான் தலைமையில் முகலாயப் படை வந்து செஞ்சியைச் சூழ்ந்தது. முற்றுகையைத் தாங்கப் பணம் வேண்டும். கடற்கரையில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் மராட்டியர் வசம் ஒரு கோட்டை இருந்தது. விற்க ஆள் தயார். வாங்கவும் ஆள் தயாராக இருந்தது. அப்போது சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். ஊழல் குற்றச்சாட்டில் 1692இல் பதவியை இழந்து, பிறகு ஊருக்குப் போய், 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் பொருள் கொடுத்து அதற்குத் தன் பெயரை வாங்கிக்கொண்டாரே, அதே யேல்தான். பெயர் வாங்குவதிலும் கெட்டிக்காரர்.

கோட்டையின் விலை பேசியாயிற்று. எல்லை? இன்று ஒரு சென்ட் மனை வாங்கினாலும் பத்திரத்தில் நான்கெல்லை எழுதாமல் பதிவாளர் கையெழுத்துப் போட மாட்டார். இன்னாருடைய மனைக்கு மேற்கு, பொதுவழிக்கு வடக்கு என்று எழுதியாக வேண்டும். தேவனாம்பட்டினம் கிரயத்தில் எழுதிக்கொண்ட எல்லை இது: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுமோ, அதுவரை சுற்றியுள்ள நிலம் எல்லாம் வாங்கியவனுக்கு.

அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சொல் 'ரேண்டம் ஷாட்'. இன்றைய ஆங்கிலத்தில் ரேண்டம் என்றால் ஏனோதானோ என்று பொருள் வரும். அக்காலப் பீரங்கிக்காரர் பேச்சில் அதற்கு வேறு பொருள். குழாயை மட்டமாக நீட்டிச் சுடுவது ஒரு வகை, அதில் குண்டு அதிக தூரம் போகாது. குழாயை மேல்நோக்கிச் சாய்த்து, குண்டு வானத்தில் ஏறி வளைந்து போய் விழும்படி சுடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதுதான் ரேண்டம். ஆகவே ஏனோதானோ என்பது போலத் தெரியும் அந்தச் சொல் உண்மையில் 'முடிந்த மட்டும் தூரமாக' என்று சொல்கிறது. விற்றவர்களுக்கு இது தெரிந்திருந்ததா என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுகிற விஷயம் இல்லை.

சென்னையிலிருந்து நல்ல பெரிய பீரங்கி ஒன்று போயிற்று. கூடவே கடிதமும் போயிற்று. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது பீரங்கிக்காரன் மருந்து கெட்டிக்கிற கைப்பக்குவத்தைப் பொறுத்தது, பார்த்துச் செய்துகொள்ளுங்கள் என்கிற ரீதியில். 1690 செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் சுற்றுவட்டார ஊர்கள் வந்தன. கடலூர் நகரமே வந்துவிட்டது. அப்படி வளைத்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் இரண்டு நூற்றாண்டு தாண்டியும் நிலைத்தது; ஆங்கிலேயர் எழுதிய கெசட்டியர்களிலும் ஏறியது. தேவனாம்பட்டினம் கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வட்டத்துக்குள் உழுதுகொண்டிருந்தவனும் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனும் அன்று காலை ஒருவரின் குடி, மாலை இன்னொருவரின் குடி. சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

இது ஏதோ கடலூரில் மட்டும் நடந்த கோமாளித்தனம் என்று நினைக்க வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னீலியஸ் பைங்கர்ஷூக் என்ற டச்சுச் சட்ட அறிஞர், ஒரு நாட்டின் அதிகாரம் கடலில் எதுவரை செல்லும் என்ற கேள்விக்குச் சொன்ன பதில் ஏறக்குறைய இதேதான்: கரையிலிருந்து ஆயுதம் எட்டும் தூரம் வரை. அந்தப் பீரங்கி எல்லைதான் பின்னாளில் மூன்று கடல் மைல் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட கணக்கு. அவர் தண்ணீரில் எழுதியதை நம்மூரில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே தரையில் செய்து பார்த்துவிட்டார்கள்.

தாய்ப்பத்திரம் கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு அல்லவா? கேட்டுப் பார்ப்போம். கம்பெனிக்கு விற்றவர் ராஜாராம். அவருக்கு எப்படி வந்தது? அப்பா சிவாஜி 1677இல் செஞ்சியைப் பிடித்தார். யாரிடமிருந்து? பீஜாப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து. அவர்களுக்கு? செஞ்சி நாயக்கர்களை வீழ்த்தி எடுத்தது. நாயக்கர்களுக்கு? விஜயநகரம் கொடுத்தது. இந்தச் சங்கிலியில் கிரயம் என்று எழுதி, பணம் கைமாறியது ஒரே ஒரு இடத்தில்தான், அது கம்பெனி வாங்கிய இடம். மற்றதெல்லாம் பிடித்தது, பறித்தது, கொடுத்தது. அந்த ஒரே கிரயத்துக்கும் பீரங்கிதான் அளவுகோல்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமே கடலூருக்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து தப்பி ஓடிவந்தவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற குமாஸ்தாவும் ஒருவன். 1758இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1760இல் ஆங்கிலேயர், 1782இல் மறுபடி பிரெஞ்சுக்காரர், 1785இல் மறுபடி ஆங்கிலேயர். 1783இல் கடலூருக்கு வெளியே கடலிலும் தரையிலும் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்து சண்டை நின்றது. இன்று தேவனாம்பட்டினம் போனால் கோட்டை என்று காட்ட அதிகமில்லை. வெள்ளி கடற்கரைக்குப் போகிற கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது அந்த வினைச்சொல்.

பழைய ஆங்கிலத்தில் ஆகன் என்று ஒரு சொல் இருந்தது. வைத்திருப்பது, உடையவனாக இருப்பது என்று பொருள். அதிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று ஓன். இன்னொன்று ஓ, அதாவது 'ஐ ஓ யூ' என்று கடன் சீட்டில் எழுதுகிறோமே, அந்த ஓ. கடன்காரனைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் சொத்துக்காரன் என்பதே. ஷேக்ஸ்பியர் காலம் வரை அந்தப் பழைய பொருளும் புழக்கத்தில் இருந்தது. அவருடைய நாடகங்களில் அப்படி வரும் இடங்களுக்கு இன்றைய பதிப்புகளில் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கிறது. ஒருவன் ஒன்றை வைத்திருக்கிறான், அதை இன்னொருவனுக்குத் திருப்பித் தரவேண்டியவனாக வைத்திருக்கிறான் என்று பொருள் மெல்ல நகர்ந்து, வைத்திருப்பது உதிர்ந்து, தரவேண்டியது மட்டும் மிஞ்சிவிட்டது. அந்த ஓ என்பதன் இறந்தகால வடிவம்தான் ஆட். 'யூ ஆட் டு கோ' என்று கடமையைச் சொல்கிற ஆட். ஆக சொத்து, கடன், கடமை மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

தமிழுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம்மிடம் கடன் என்றால் வாங்கிய பணமும் அதுதான், செய்யவேண்டிய கடமையும் அதுதான். பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூரில் பிறந்த அப்பர் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் பாடினார் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் சொத்தும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்பதுதான் நமக்குப் புதிது.

ஓன் என்ற வினைச்சொல் 1300 வாக்கில் வழக்கொழிந்துபோய், உடையவன் என்ற பெயர்ச்சொல் மட்டும் பேச்சில் தங்கி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வினை மறுபடி உயிர்பெற்றது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் எழுதுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600 டிசம்பர் 31. தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இதற்கு இணையாகச் சட்டப் புத்தகங்களில் வரும் இன்னொரு சொல் பொசஸ். லத்தீனிலிருந்து வந்தது. அதற்குள் இருக்கும் வேர்ச்சொல் 'உட்கார்' என்பது. அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பது. நம்மூர்ப் பேச்சில் 'எங்க கொல்லைய மடக்கிப் போட்டுக்கினு அவன் குந்தினு இருக்கான்' என்று சொல்வதை ரோமாபுரி வக்கீல்களும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். சட்டமும் உட்கார்ந்தவனை மதிக்கிறது. அடுத்தவன் நிலத்தில் அவன் அறிய, பகிரங்கமாக, அவன் உரிமையை மறுத்து, இடைவிடாமல் 12 ஆண்டு உட்கார்ந்துவிட்டால் உடையவன் வழக்குப் போடும் உரிமையை இழக்கிறான். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டு. எதிரிடை அனுபவம் என்று இதற்குப் பெயர். வெறுமனே இருந்தால் போதாது, குத்தகைக்காரனாக இருந்தால் எத்தனை ஆண்டு இருந்தாலும் பயனில்லை. ஓன் ஒருவனிடமும் பொசஸ் இன்னொருவனிடமும் இருப்பதுதான் நம் மாவட்ட முன்சீப் கோர்ட்டுகளுக்குச் சோறு போடுகிறது.

நமக்கு 'உடைமைகொள்' என்று அன்றாடம் பேசுகிற ஒரு வினை கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 'நான் நிலத்தை உடைக்கிறேன்' என்றால் அது வேறு வேலை. 'எனக்கு ரெண்டு காணி இருக்கு' என்போம். இருப்பது நிலம். எனக்காக, என் பக்கமாக இருக்கிறது. எழுவாய் நான் இல்லை. ஆனால் கிரயப் பத்திரம் எழுத உட்கார்ந்துவிட்டால் நம் பத்திர எழுத்தர் இந்த அடக்கத்தையெல்லாம் மூட்டைகட்டிவிடுவார். சர்வ சுதந்திர பாத்தியதையுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாக, தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று ஒரே மூச்சில் போகும்.

பழைய பத்திரங்களில் இன்னும் விசேஷமான ஒன்று உண்டு, அஷ்டபோகம். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் புதையல், யாரோ வைத்துப்போன பொருள், தண்ணீர், கல்லும் கனிமமும், அழியாமல் நிற்கும் பலன், இனி வரப்போகும் பலன், ஏற்கெனவே கைகூடிய வருமானம், முயன்றால் கைகூடக்கூடிய வருமானம். நிலத்தை விற்கிறவன் இந்த எட்டையும் சேர்த்து விற்கிறான். கல்வெட்டுக் காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. எனக்கு ஓன் என்கிற சொல்லைவிட இந்தப் பட்டியல் பிடித்திருக்கிறது. உடைமை என்பது ஒரே கட்டி இல்லை, எட்டுத் துண்டு என்று இதை எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. துண்டு என்றால் பிரிக்கலாம். பிரித்தால் சண்டை வரும்.

அந்தச் சண்டையைப் பார்க்க நெய்வேலிக்குப் போக வேண்டும். பாஷாணம் என்று ஏதோ அலங்காரத்துக்கு எழுதிவைத்த சொல், நம் மாவட்டத்தில் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரியாக நிஜமாகவே கிடந்தது. 1956இல் அதை வெட்டியெடுக்க ஒரு நிறுவனம் வந்தது. மேலே நிலம் ஒருவருக்கு, கீழே கரி இன்னொருவருக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. மண்ணுக்கடியில் இருக்கும் கனிமம், சட்டம் ஒன்று வெளிப்படையாகப் பறிக்காத வரை, நிலத்துக்காரருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் மலபார் நிலங்கள் பற்றிய ஒரு வழக்கில் சொன்னது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கையகப்படுத்தும் சட்டம் என்ற ஒன்று இருக்கும்வரை அந்த 'பறிக்காத வரை' என்பதுதான் முழு வாக்கியமும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து ஊர். பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட வேண்டும் என்று பச்சை நெற்பயிருக்குள் மண் அள்ளும் எந்திரங்கள் இறங்கின. நிறுவனத்தின் வாதம் எளிது: இந்த நிலங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று, காகிதத்தில் எங்களுடையது. உழவர்களின் வாதமும் எளிது: எடுத்தீர்கள், ஆனால் வந்து உட்காரவில்லை, இத்தனை ஆண்டும் உழுதது நாங்கள், கொடுத்த பணம் போதவில்லை, வேலை கொடுக்கவில்லை, இந்தப் பயிரை அறுக்கும் வரையாவது பொறுங்கள். நெய்வேலியில் போராட்டம் கலவரமாக முடிந்தது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் சட்டம் யார் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. காகிதம் நிறுவனத்திடம் இருந்தது. ஆனால் ஓன் மட்டும் தெரிந்து ஓ தெரியாதவர்கள் செய்கிற வேலை அது. கதிர் வரப்போகிற பயிரை இரண்டு மாதம் விட்டுவைப்பது எந்தச் சட்டத்திலும் கட்டாயம் இல்லை. கடன் என்று நம்மூரில் சொல்வது இந்த மாதிரிக் கட்டாயமில்லாதவற்றைத்தான்.

வடலூரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1867இல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கப் பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். கணக்குக்கு 106 ஏக்கர் என்பார்கள். அந்தப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்டுவதாக அரசு 2024இல் பள்ளம் தோண்டியபோது அதே பார்வதிபுரத்துக்காரர்கள் வந்து மறித்தார்கள். கொடுத்துவிட்ட நிலத்தில் உங்களுக்கு என்ன பாத்தியதை என்று ஒரு வக்கீல் கேட்கலாம். எதற்காகக் கொடுத்தோம் என்று கேட்கும் பாத்தியதை என்று அவர்கள் பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு.

கடைசியாகச் சிதம்பரம். உடைமை பற்றிய பேச்சில் இதைவிடச் சிக்கலான ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

நடராசர் கோயில் யாருக்குச் சொந்தம்? தில்லை மூவாயிரவர் என்பது மரபு. எண்ணிப் பார்த்தபோது ஒருவர் குறைந்தார், அந்த ஒருவன் நானே என்று ஆடல்வல்லான் சொன்னான் என்பது கதை. ஆகவே அந்த மூவாயிரவர் வழிவந்தவர்கள் எனப்படும் பொதுதீட்சிதர்களுக்குச் சாமி அயலார் இல்லை, பங்காளி. சுந்தரர் தொண்டர்களைப் பட்டியலிடும்போதும் தில்லைவாழ் அந்தணரிலிருந்துதான் தொடங்கினார். திருமணம் ஆன தீட்சிதருக்கே கோயிலில் பூசை உரிமையும் நிர்வாக உரிமையும் உண்டு. முறை வைத்துப் பூசை, கூடி எடுக்கும் முடிவு. இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இல்லாத உரிமை. உட்கார்ந்திருப்பதால் வந்த உரிமை என்று ஒருவர் சொல்லலாம். அவர்கள் மனம் நோகும், ஆனால் லத்தீன் சரியாக இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வழக்கில் தீட்சிதர்கள் தரப்பு, கோயில் எங்கள் தனிச்சொத்து என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயரும் ஷெப்பர்டும் 1890இல் தீர்ப்பு எழுதினார்கள். தனிச்சொத்து என்பதற்குத் துளியும் ஆதாரம் இல்லை, நினைவுக்கெட்டாத காலந்தொட்டு மக்கள் வழிபடும் பொது இடம் இது என்பது சாரம். முத்துசாமி ஐயர் தஞ்சைப் பக்கத்துக்காரர், தெருவிளக்கில் படித்தார் என்று கதை சொல்லப்படுகிறவர், அந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. பிராமணர் பிராமணருக்கு விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

அறுபது ஆண்டு கழித்துக் காட்சி தலைகீழ். 1951இல் சென்னை அரசு கோயிலுக்கு நிர்வாக அதிகாரியை நியமிக்கப் பார்த்தது. தீட்சிதர்கள் வழக்குப் போட்டார்கள். இம்முறை அவர்கள் சொன்னது வேறு: நாங்கள் ஒரு தனிச் சமயப் பிரிவு, எங்கள் சமய நிறுவனத்தை நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு எங்களுக்குத் தருகிறது. உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டு அரசின் ஆணையை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக்குப் போன அரசு 1954இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1987இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி நிர்வாக அதிகாரி நியமனம், மறுபடி வழக்கு. அது இழுத்து இழுத்து 2009 வரை போனது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தனி நீதிபதியும் செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கோயிலில் உண்டியல் வந்தது. 2014 ஜனவரி 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சௌகானும் பாப்டேயும் அதைத் தலைகீழாக்கினார்கள். சுப்பிரமணியன் சுவாமி பெயரில் இருக்கும் வழக்கு அது.

அந்தத் தீர்ப்பை ஒரு தரப்பு வெற்றி என்றும் இன்னொரு தரப்பு அநியாயம் என்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் அதில் ஒரு பகுதியை வசதியாகத் தாண்டிப் போகிறார்கள். நிர்வாகக் கேடு இருந்தால் அரசு தலையிடலாம் என்று நீதிமன்றம் சொல்கிறது. கேட்டைச் சரிசெய்ய எவ்வளவு காலம் தேவையோ அவ்வளவு காலத்துக்கு மட்டும், பிறகு உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலவரையறை இல்லாமல் உட்கார்ந்துகொள்வது உரிமையைப் பறிப்பதாகும். தீட்சிதர்களுக்கும் இதில் தனிச்சொத்து என்ற சான்றிதழ் கிடைக்கவில்லை. கிடைத்தது நடத்தும் உரிமை மட்டும். 1890 தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

அப்படியானால் ஓன் யாருக்கு? சட்டத்தில் அதற்கும் விடை உண்டு: சாமிக்கு. இந்து வழிபாட்டு மூர்த்தி சட்டப்படி ஓர் ஆள், அவருக்குச் சொத்து இருக்கலாம், வழக்குப் போடலாம் என்பதைப் பிரிவி கவுன்சிலே 1925இல் பேசியிருக்கிறது. ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்பதால் மைனருக்குச் சமம். அண்ட சராசரத்தையும் காலடியில் வைத்து ஆடுகிறவர் கோர்ட்டில் மைனர்! கார்டியன் யார் என்பதில்தான் இந்த நூற்று முப்பது ஆண்டுச் சண்டையும். 2008இல் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடலாமா என்று வந்ததும், 2022இல் கனகசபையில் ஏறி வழிபடலாம் என்று அரசு ஆணை போட்டதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் இந்த ஒரே கேள்வியின் கிளைகள்.

கார்டியனுக்கு மைனர் சொத்தில் ஓன் கிடையாது. இருப்பதெல்லாம் ஓ. வரவு என்ன, செலவு என்ன, எந்த நகை எந்தப் பெட்டியில் என்று கணக்குச் சொல்லும் கடன். தீட்சிதர்களானாலும் அறநிலையத் துறையானாலும், கோயில் எங்களுடையது என்று குரல் உயர்த்துகிற எவரிடமும் நான் முதலில் கேட்க விரும்புவது அந்தக் கணக்கைத்தான். இதுவரை இரண்டு பக்கமும் ஒருவர் கணக்கை மற்றவர் கேட்பதில் காட்டும் ஆர்வத்தைத் தம் கணக்கை விரித்து வைப்பதில் காட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு பேசிவிட்டு உங்கள் வீட்டு விஷயத்துக்கு வராமல் போகக்கூடாது. கையில் பட்டா இருந்தால் நிலம் நம்முடையது என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயர் ஏறுவது மட்டுமே சொத்துரிமையைத் தராது, இருப்பதைப் பறிக்கவும் பறிக்காது என்று நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. பட்டா என்பது வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காக அரசு வைத்திருக்கும் கணக்கு. அதிலும் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யூ.டி.ஆர். என்று ஊரில் சொல்வார்களே, அதில் பெயர் மாறியும் அளவு மாறியும் ஏறிய பட்டாக்கள் நிறைய. அண்ணன் பங்கு தம்பி பெயரில், இறந்தவர் நிலம் பக்கத்துக்காரர் பெயரில் என்று. நாற்பது ஆண்டு கழித்துப் பேரன் விற்கப் போகும்போதுதான் அது தெரியவருகிறது.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். பரணில் இருக்கும் பழைய பத்திரத்தை இறக்கித் தூசி தட்டிப் படியுங்கள். அஷ்டபோகம் எழுதியிருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காகிதம் பொடிந்துகொண்டிருக்கும். நான்கெல்லையில் இருக்கும் பெயர்கள் இன்று யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணையும் பரப்பையும் பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம், வில்லங்கச் சான்றும் அப்படியே. பெயரோ அளவோ இடித்தால் அடுத்த கிழமையே தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பன்னிரண்டு ஆண்டு நினைப்பதைவிடச் சீக்கிரம் ஓடிவிடும்.